அகழ்வும் அறமும்

அழிக்காமல் அறிய இயலாத பொருள்கள் சில உள. குகையொன்றின் மண்படை அவற்றுள் ஒன்று. ஏட்டுச்சுவடியை ஒருவன் பிழைபட வாசித்தாலும், ஏடு எஞ்சியிருப்பின் பின்வருவோன் திருத்தி வாசிப்பான். அகழ்வோன் வாசிக்கும் ஏடோ வாசிக்கும்போதே மறைந்துபோகின்றது. எஞ்சுவன குறிப்புகளும் வரைபடங்களும் பைகளில் இட்ட மண்ணுமே. அவ்வாறாயின், வருங்காலத்தவருக்கும் உரிய ஒன்றைத் தன் காலத்து வினாக்களுக்காகச் செலவிட ஒருவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு?

ஈராக்கின் வடபுறத்தே, சாக்ரோஸ் மலைத்தொடரிலுள்ள ஷனிடார் குகை இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. அமெரிக்கரான றல்ஃப் சொலெக்கி 1951 முதல் 1960 வரை அங்கு அகழ்ந்தார். ஏறக்குறைய 14 மீற்றர் ஆழமான அவ்வகழியில் நான்கு பெரும் படைகள் தெரிந்தன. அடியிலிருந்த படையில் நியண்டர்தால் மனிதரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் ஒருவன் கை சூம்பி, ஒரு கண்ணின் பார்வையும் குன்றிய நிலையில் நெடுநாள் வாழ்ந்தவன். பிறர் துணையின்றி அது கூடுமோ என அறிஞர் வியந்தனர். 1960இல் கிடைத்த மற்றோர் எலும்புக்கூட்டைச் சூழ்ந்த மண்ணில், அர்லெற் லெறுவா-கூரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் மகரந்தத் திரள்களைக் கண்டார். இறந்தோனை மலர்மீது கிடத்தினர் என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று. (மனிதர் விரும்பி நம்பும் செய்தி விரைந்து பரவுதல் இயல்பே.) பின்னர் ஐயங்கள் எழுந்தன. வளை தோண்டும் கொறிவிலங்குகள் கொணர்ந்தவை என்றனர் சிலர். மண்ணிற் கூடமைக்கும் தேனீக்களின் வேலை என்றனர் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்கவல்ல சாட்சி அந்த மண்ணே. அதுவோ அகழ்ந்தபோதே கலைந்துவிட்டது.

குர்திஸ்தான் பிராந்திய அரசின் அழைப்பையேற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிரேம் பார்க்கர் குழுவினர் 2015 முதல் பழைய அகழியின் ஓரங்களை ஆராய்ந்தனர். 2018இல், மலர்ப் புதையல் எனப்பட்டதன் அருகே, மற்றொருவரின் மேலுடல் கிடைத்தது. மண்ணைப் பிசினால் இறுக்கி, மெல்லிய தகடாகச் சீவி, நுணுக்குக்காட்டியில் நோக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டியது. ஆயினும் அந்த மண் எவரது முன்யோசனையாலும் எஞ்சியதன்று. மீண்டும் வந்து அகழச் சொலெக்கி விரும்பினார். அரசியல் நிலை இடங்கொடுக்கவில்லை. பிற்காலத்தவருக்குக் கிடைத்த பேறு, முன்னவரின் ஏமாற்றமே.

எதையும் தொடாது விடுக என்பது இதற்கு விடையாகாது. சொலெக்கி அகழ்ந்திராவிடின் அவ்வினாக்களே தோன்றியிரா. எனினும், ஒரு பகுதியை அறிந்தே விட்டுவைத்தல் அகழ்வோனின் கடன். பயனற்றதெனத் தோன்றும் மூலையை விட்டுவைப்பதில் கடினம் எதுவுமில்லை. பாதி உடல் அகழியிலும் பாதி உடல் மண்சுவரிலுமாக ஓர் எலும்புக்கூடு கிடக்க, பருவமும் பணமும் முடியும் தறுவாயில், சுவரைத் தொடாது விட்டு மீள்வதே கடினம்.