எதைக் களைவது?

வேதாந்தம் பயிலப் புகுவோனுக்கு வேண்டிய சாதனங்கள் நான்கனுள், நித்தியம் எது, அநித்தியம் எது என்று பகுத்தறியும் விவேகத்தை முதலிலும், பற்றை விடும் வைராக்கியத்தை அதற்கு அடுத்தும் பெரியோர் வைத்த வரிசையில் ஆழ்ந்த கருத்து உண்டென்பதை, ஆத்ம விசாரத்தோடு சம்பந்தமே இல்லாததாகத் தோன்றும் ஒரு கணினித் தொழிலிலும் நான் காண்கிறேன்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க நிரல் எழுதுவோர் கையாளும் கிட் என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கினார். அதில் ஒருமுறை கமிட் செய்த, அதாவது பதிவில் சேர்த்த, கோப்பைப் பின்னர் அழித்தாலும் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் கணக்கில் சேராமல் வேலைக் கோப்புறையில் கிடக்கும் சோதனைக் கோப்புகளையும் பாதியில் விட்ட குறிப்புகளையும் 'கிட் கிளீன்' என்ற ஆணை துடைத்துவிட்டால், கிட்டிடம் அவற்றின் சுவடே இராது. ஆகையால் 'மைனஸ் எஃப்' என்று வற்புறுத்தினாலன்றி அது இயல்பாக எதையும் நீக்குவதில்லை. 'மைனஸ் என்' என்றாலோ, ஒன்றையும் தொடாமல், நீக்கப்போகும் கோப்புகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாகக் காட்டி நின்றுவிடும்; விவேகத்தின் இடம் இதுவே, வைராக்கியம் அதன் பின்னரே. 'மைனஸ் எக்ஸ்' சேர்ப்பவர் இன்னும் நிதானிக்க வேண்டும். புறக்கணிக்கச் சொல்லி வைத்த கோப்புகளும், அவற்றுள் கடவுச்சொற்கள் அடங்கியவையும்கூட, அதில் போய்விடும்.

ஆனால் பெயர்களைப் பார்த்த பின்னும், குப்பை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் நமக்கு எவ்வளவு தூரம் உண்டு? புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்துக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு என்னும் தொல்லியல் களத்தில், மக்கள் மதித்த செங்கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போய்விட, ஒருவரும் மதியாத ஓட்டுச்சில்லுகளே மண்ணுக்குள் தங்கின. 1945இல் அங்கே அகழ்ந்த தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர், இத்தாலியச் செம்மெருகுக் கலங்களின் உடைசல்களையும் மதுச்சாடித் துண்டுகளையும் கொண்டே ரோமானிய வாணிகத்தின் காலத்தை நிர்ணயித்தார். உடைந்த சாடியை அன்று வீசியவன் பிழை செய்தானல்லன். அவனுக்கு அது குப்பையே. ஒரு பொருளின் தகுதி, அதைப் பார்ப்பவனின் தேவையையும் காலத்தையும் சார்ந்து மாறுகிறது என்பதையே அச்சில்லுகள் நமக்குக் காட்டுகின்றன.

இதனால் எதையும் களையலாகாது என்பது என் கட்சி அன்று. ஒன்றையும் விட மனமின்றிக் கோப்புறையை நிரப்பிக்கொள்வதும் மோகத்தின் பாற்பட்டதே. பார்க்காமல் துடைப்பதோ வைராக்கியத்தின் வேஷம் பூண்ட சோம்பல். அரிக்கமேட்டில் மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்த வீலரும், எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துக்கொண்ட பிறகு, அம்மண்ணை அப்புறப்படுத்தவே செய்தார்.