தீயில் மாண்ட இளையோரை நினைத்தல்

அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஆர்ட்டேன் பகுதியில் இருந்த ஸ்டார்டஸ்ட் நடன விடுதி 1981 பிப்ரவரி 14 அதிகாலையில் தீப்பற்றி எரிந்தது. காதலர் தின ஆட்டத்துக்கு எண்ணூறு பேருக்கு மேல் வந்திருந்தனர். இறந்தவர்கள் 48 பேர். பெரும்பாலும் பதின்வயதைத் தாண்டாதவர்கள் அல்லது அப்போதுதான் தாண்டியவர்கள். அவர்களுள் ஐவரை அடையாளம் காண முடியாமல் ஒன்றாக அடக்கம் செய்தனர். மரபணுச் சோதனையில் அவர்கள் இன்னார் என்று தெரிந்தது 2007இல்தான்.

பதினாறு வயதில் இப்படி இறந்த ஒருவரை வாழ்ந்த விதத்தால் நினைப்பதா, இறந்த விதத்தால் நினைப்பதா? தீ சில நிமிடங்களில் மண்டபத்தைச் சூழ்ந்தது. வாழ்க்கையோ பதினாறு ஆண்டுகள். தீயை மட்டும் நினைத்தால் அந்தச் சில நிமிடங்கள் பதினாறு ஆண்டுகளையும் விழுங்கிவிடும். சிரிப்பையும் ஆட்டத்தையும் மட்டும் நினைத்தாலோ, விடுதியின் அவசரக் கதவுகள் பூட்டியும் மறித்தும் கிடந்தது மறந்துபோகும். அந்த மறதியால் பயனடைவது கதவுக்குப் பொறுப்பானவர்கள்தான்.

ஸ்டார்டஸ்ட் விஷயத்தில் இதைவிடப் பெரிய தீங்கும் நடந்தது. 1982இல் அரசு விசாரணை ஆணையம், யாரோ தீ வைத்திருக்கக்கூடும் என்று முடிவு சொன்னது. அதைக் கொண்டு விடுதி உரிமையாளர்கள் இழப்பீடும் பெற்றனர். சந்தேகம் அன்றிரவு மண்டபத்தில் இருந்தவர்கள்மேல் விழுந்தது. செத்துப்போன பிள்ளைகளையும் அது விட்டுவைக்கவில்லை. தன்மேல் விழுந்த பழியை மறுக்க இறந்தவரால் முடியாது. ஆகவே அவரை நினைப்பவர்கள் அவருக்காக உண்மையைத் தேடக் கடமைப்பட்டவர்கள். பூ வைத்துவிட்டு வருவதோடு அது தீராது. தீவைப்புக்குச் சான்றே இல்லை என்று ஒப்புக்கொண்டு அந்த முடிவைப் பதிவிலிருந்து நீக்க 2009 வரை ஆயிற்று. இடையில், 1985இல், பாடகர் கிறிஸ்டி மூர் இத்துயரைப் பற்றிப் பாடிய பாட்டு நீதிமன்ற அவமதிப்பு எனத் தீர்ப்பாகி விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அழுவதற்கும் அங்கே வரம்பு இருந்தது.

2023இல் தொடங்கிய புதிய மரண விசாரணை, வாழ்வை நினைப்பது, உண்மையைத் தேடுவது என்ற இரண்டு கடமைகளையும் சரியான வரிசையில் வைத்தது. சாட்சியம் எடுக்குமுன் குடும்பத்தார் ஒவ்வொருவராக எழுந்து, இறந்த தம் பிள்ளை, உடன்பிறப்பு எப்படிப்பட்டவர் என்று நடுவர் குழுவின் முன் படித்தனர். அதன் பிறகே கதவு, மின்கோளாறு, புகை என்று விசாரணை நகர்ந்தது. இழந்தது யாரை என்று தெரிந்தவருக்கே பூட்டிய கதவின் கனம் புரியும். துக்கத்தைப் பொதுவில் சொல்ல விரும்பாத குடும்பம் இருந்தால் அந்த மௌனத்தையும் மதிக்க வேண்டும். வழக்குக்குத் தேவை என்று எவரையும் பேச வைக்க உரிமையில்லை.

2024 ஏப்ரல் 18 அன்று 48 சாவுகளும் சட்டவிரோதக் கொலை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஐந்து நாள் கழித்துப் பிரதமர் சைமன் ஹாரிஸ் நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்பதற்குள் பெற்றோர் பலர் இறந்துபோயிருந்தனர்.