குளிர் தந்த பலம் யாருடையது?

2018 மாடலாக வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் காரில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. நேர்கோட்டுப் பந்தயத்துக்கான 'டிராக்' (drag) முறைக்கு மாற்றினால், ஏசியின் குளிர்ச்சி ஓட்டுநரைக் கைவிட்டு என்ஜின் பக்கம் போய்விடும். சூப்பர்சார்ஜர் அழுத்தும்போது காற்று சூடேறுகிறது. அந்தச் சூட்டை வாங்கிச் செல்லும் திரவத்தை ஏசி ஜில்லிட வைக்கிறது. ஓட்டுகிறவருக்கு வியர்வை, என்ஜினுக்குக் குளிர்காற்று!

இப்படிக் குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பலம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலிருந்து என்பார் மெக்கானிக். எரிவது அதுதான், மறுக்க முடியாது. ஆனால் எரிய ஆக்சிஜன் வேண்டுமே. அழுத்தம் மாறாமல் 60 டிகிரி செல்சியஸ் காற்றை 30-க்கு இறக்கினால், அதே இடத்தில் சுமார் 10 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். பெட்ரோலையும் அதற்கேற்பக் கூட்டலாம். குளிர் எரிபொருள் அல்ல. ஆனாலும் அது இல்லாமல் இந்தக் கூடுதல் பலம் இல்லை.

சைவ சித்தாந்தம் முதல், துணை, நிமித்தம் என்று காரணத்தை மூன்றாகப் பிரிக்கும். குளிரைத் துணைக்காரணம் என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடலாம்தான். ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரம், நான்காம் பாதத்தில், இன்னும் கூர்மையாக ஒன்று சொல்கிறது: நிமித்தம் எதையும் இயக்குவதில்லை, தடையை மட்டும் விலக்குகிறது. உழவர் வரப்பை வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் தானே பாயும்.

1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. டர்போ பூட்டிய அதன் 3.5 லிட்டர் வி8 என்ஜினுக்கு 215 குதிரைத்திறன். காற்றின் சூட்டில் கலவை கண்டபடி வெடித்து 'நாக்' அடிக்காமலிருக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பந்தாவாகப் பெயர் வேறு! உண்மையில் அதன் தலையாய வேலை ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுவதுதான். பல உரிமையாளர்கள் புட்டியை நிரப்ப மறந்தார்கள். புட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் மட்டுப்படும்; வண்டி சோர்ந்துபோகும். பெட்ரோல் அதே பெட்ரோல்தான்.

ஆனால் டீமனில் உழவர் உவமை பாதிதான் செல்லும். அங்கே குளிர் 'நாக்' என்ற தடையை விலக்குவதோடு நிற்காமல், கூடுதல் காற்றையும் உள்ளே கொண்டுவருகிறது. வரப்பை வெட்டியவரே தண்ணீரையும் சுமந்து வந்தால் அவரை வெறும் நிமித்தம் என்பது நியாயமில்லை.

என்ஜினுக்கென்று 'சொந்த' பலம் ஒன்று இருப்பதாக நினைப்பதில்தான் சிக்கல். அமெரிக்க கார்களின் விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனை எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரவிதிப்படி 25 டிகிரி காற்றுக்கு ஈடுகட்டித்தான் கணக்கிடுகிறார்கள். அரிசோனாவின் ஜூலை மதியத்தில், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில், அந்த எண்ணுக்குரிய காற்று ஊரிலேயே கிடையாது.