தோழன் நிற்கும் வாசல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில், சித்திரை வெயில் உச்சியேறிய ஒரு வேளையில், புஞ்சை ஓரமாக நின்று, கை நுழையுமளவுக்கு வாய்பிளந்து கிடந்த கரிசல் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மயிரிழையாக மெலிந்தும் திடீரென்று அறுந்தும் செல்லும் ஓவியர் ஆதிமூலத்தின் கறுப்புக் கோடுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர் திருச்சிச் சீமையில் பிறந்தவர். இந்த மண்ணுக்கு உரியவரல்லர். ஆயினும் இடைசெவல் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் இட்ட சித்திரங்களைக் கண்டவர்கள், சம்சாரியின் முகச் சுருக்கத்தையும் மானம் பார்த்த பூமியையும் ஒரே மசியால் எழுதிவிட்ட மனிதர் அயலூர்க்காரர் என்றால் எளிதில் நம்பமாட்டார்கள்.

ஓவியர்க்கும் கவிஞர்க்கும் இடையிலான நட்பைப் பேசும் இடத்தில், கி.ரா. கவிஞரல்லர் என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம். அவர்களுக்காகச் சென்னைக்கே போவோம். கே. சி. எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தார். 1970-ல் கவிஞர் ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி முதலியோர் கூடி ‘கசடதபற’ என்னும் சிறுபத்திரிகையைத் தொடங்கினர். சன்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லாத அத்தகைய ஏடுகளுக்கு ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் தாமாகவே வரைந்து கொடுத்தனர். ஆதிமூலமும் ஞானக்கூத்தனும் 1938 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவருக்குக் கோடு, மற்றவருக்குச் சொல். ஒருவர் தொழிலில் மற்றவர் கை வைக்க முடியாது. அப்படியிருக்க, இவர்களை ஒரே திண்ணையில் உட்காரவைத்தது எது?

நம் வேதாந்திகள் உலகத்தை நாமம், ரூபம் என்ற இரண்டில் அடக்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில் கவிஞன் நாமத்தின் தொழிலாளி, ஓவியன் ரூபத்தின் தொழிலாளி. இரண்டுமே மெய்ப்பொருளை மறைக்கும் திரை என்பது அவர்கள் சித்தாந்தமாதலால், திரை நெய்யும் இருவருக்குள் நட்பு ஏன் என்று அவர்களைக் கேட்டுப் பயனில்லை. சைவர்களிடம் கேட்கலாம். அவர்கள் நாவுக்கரசருக்குத் தாச மார்க்கமும், சம்பந்தருக்குச் சற்புத்திர மார்க்கமும், சுந்தரருக்குச் சக மார்க்கமும், மாணிக்கவாசகருக்குச் சன்மார்க்கமும் வகுத்தார்கள். அதாவது, அடிமைத்திறத்துக்கும் பிள்ளைமைக்கும் மேற்படியில் தோழமையை வைத்தார்கள். கவிதையில் உள்ளதையே திரும்பச் சொல்லி விளக்கும் படம் எவ்வளவு அழகாயினும் தாச மார்க்கத்தைச் சேர்ந்ததே. கவிதைக்கு அருகில் தனக்கென்று ஒரு காரியத்தோடு வந்து நிற்கும் படம் இருக்கிறதே, அதுதான் சக மார்க்கம்.

சக மார்க்கத்து நாயகரான சுந்தரரும் இந்த வறண்ட திருச்சுழிக்கு வந்தவர்தாம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் புகுத்தியதால் சுழி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். குண்டாற்று மணலில் நின்று அதைக் கேட்பவன் அந்த வெள்ளத்தில் ஒரு குடமாவது மிச்சம் வைத்திருக்கலாமே என்று பெருமூச்சு விடுவான். நண்பர் சேரமான் பெருமாளும் உடன்வர, பாண்டிநாட்டுத் தலங்களைத் தரிசித்துக்கொண்டு வந்த சுந்தரர் திருச்சுழியலில் தங்கிய இரவு, கையில் பொற்செண்டேந்திய காளையாக இறைவன் கனவில் தோன்றி, தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். கவிஞனாகிய தோழனுக்கு முதலில் ஓர் உருவத்தைக் காட்டி, அதன் பின்னரே ஊர்ப்பெயரைச் சொன்ன அந்தக் கிரமத்தை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

அதே திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த ரமணரோ, தோழன் என்று சொல்ல இரண்டாவது ஒருவன் ஏது என்று வினவும் அத்துவைதத்தின் வடிவமாக விளங்கினார். தோழமைக்கு இருவர் வேண்டும்; அங்கே ஒன்றே உண்டு. வாதத்தில் அவரை வெல்ல என்னால் ஆகாது. ஆனால், அந்த மோனத்தின் காலடியில் ராமநாதபுரத்து முருகனார் ஆயிரக்கணக்கில் பாடல் இயற்றிக்கொண்டிருந்தார் என்பதும், பின்னாளில் கோவில்பட்டியிலிருந்து காலண்டர்த் தெய்வங்களை வீடுதோறும் அனுப்பிய ஓவியர் கொண்டையராஜு இளமையில் சிலகாலம் ரமணரின் ஆசிரமத்திலே துறவியாக இருந்து, பிறகு தூரிகைக்கே திரும்பினார் என்பதும் மெய். நாமமும் ரூபமும் மௌனத்தின் வாசல்வரை வந்துவிட்டுத் தத்தம் வேலைக்குப் போயின. அவற்றை யாரும் விரட்டியதாகத் தெரியவில்லை.

வாசல் என்றதும் சேரமான் நினைவு வருகிறது. சுந்தரர் வெள்ளானை மீதேறிக் கயிலைக்குப் புறப்பட்டதை அறிந்த அவர், குதிரைச் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி உடன் போனார்; சுந்தரருக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. உள்ளே போன தோழர் விண்ணப்பித்த பிறகே அவர் அழைக்கப்பட்டார். அழையாமல் வந்தது ஏன் என்று இறைவன் கேட்டதற்கு, தோழர் தயவை மட்டும் நம்பி நில்லாமல், தாம் பாடிவந்த உலாவைக் கேட்டருள வேண்டுமென்றார். நட்பு வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே இருக்கை கிடைத்தது கைவேலையால். ஓவியர்க்கும் கவிஞர்க்கும் இடையிலான நட்பின் எல்லையும் இதுவே என்பது என் துணிபு.

அன்று கயிலையில் அரங்கேறிய அந்தத் திருக்கயிலாய ஞானவுலாவையே தமிழ்ப் புலவர்கள் ஆதியுலா என்கிறார்கள். தமிழில் உலாப் பிரபந்தங்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.