ஸபர் முடிந்து கடை திறக்கும் நாள்

ஊருக்குப் போவது மகிழ்ச்சி. திரும்பி வந்து கடைக்கதவைத் திறக்கும் முதல் நாள் மட்டும் ஏன் நெஞ்சில் கல்லாய்க் கனக்கிறது? ஜொகூரில் கடை வைத்திருக்கும் நம்மவர் பலரும் அறிந்த விஷயம் இது. வாய்விட்டுச் சொல்வோர் சிலரே. "அல்லாஹ் தந்த ரிஜ்கை வெறுப்பது நன்றிகேடல்லவா?" என்று அஞ்சி, உள்ளுக்குள் அடக்கிக் கொள்வோரும் உண்டு. உண்மையில் இது நன்றிகேடுதானா? சற்றுச் சிந்திப்போம்.

முற்காலத்தில் இந்தப் பாரம் கடலிலேயே பாதி கரைந்துவிடும். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றி வந்தது. ஏறக்குறைய ஒரு வாரம் தண்ணீரின் மேலே கழியும். பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். உடல் வந்துவிடுகிறது, மனமோ இன்னும் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த ஸஹாபாக்களை நினைத்துப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர ஓர் அன்ஸாரித் தோழர் முன்வந்தார். அவர்களோ கடைவீதிக்கு வழி கேட்டுப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வியாபாரம் தொடங்கினார்கள். அதே மதீனாவில் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் படுத்து, மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் எண்ணிக் கவி பாடினார்கள். இதைக் கேள்வியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏங்கியவரைக் கடிந்து கொள்ளவில்லை. மக்காவைப் போல் மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆச் செய்தார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஏக்கம் ஈமானின் குறையன்று. உழைப்பு அன்பின் குறையுமன்று. கடையைப் பற்றிய பயம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, பயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிரிவுத் துயரமே. இரண்டையும் பிரித்து அறிந்தால் பாதி நோய் தீரும்.

பயத்துக்குப் பெயர் உண்டு: வாடகை பாக்கி, கெடு தாண்டிய சரக்கு, மொத்தக் கடைக்காரருக்குத் தரவேண்டிய பணம். இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் நாளே பேரேடு முழுவதையும் புரட்டாமல், ஓர் அலமாரி, ஒரு கணக்கு என்று முடியுங்கள். துயரத்துக்கோ கணக்கு இல்லை. இரவில் கடை அடைத்தபின் தாயாரோடும் பிள்ளைகளோடும் பேச ஒரு நேரம் ஒதுக்குவதே அதற்கு மருந்து. இரண்டையும் கலந்து, முதல் வாரத்திலேயே "கடையை விற்றுவிடுவோம்" என்று முடிவு செய்வது தகாது. அது துயரம் எழுதும் பத்திரம். அதில் நாம் கையெழுத்திடலாகாது.

முதலாளிமார்களே! இன்னொன்றும் உண்டு. நமக்கு இருக்கும் இதே மனம் நம் கடைப் பையனுக்கும் இருக்கிறது. நாமாவது நினைத்தபோது டிக்கட் வாங்கலாம். அவன் பெர்மிட்டையும் நம் சம்மதத்தையும் பார்த்துத்தான் போக முடியும். அவன் ஊரிலிருந்து வந்த மறுநாள் கணக்கில் தடுமாறினால், "அங்கேயே இருந்திருக்கலாமே" என்று ஏசுவது எளிது. நம் தடுமாற்றத்துக்கு மன்னிப்பும் அவன் தடுமாற்றத்துக்கு ஏச்சும் என்றால், அது இரண்டு படிக்கல் வைத்து நிறுக்கும் தராசு. வியாபாரிக்கு அதைவிடப் பெரிய இழிவு ஏது?

ஆகவே, ஊரிலிருந்து வருகிறவனை முதலில், "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேளுங்கள். வேலையைப் பிறகு சொல்லுங்கள். அவன் மனமும் சீக்கிரம் கடைக்கு வந்து சேரும், நம்முடையதும் அப்படியே.