பெருக்கும் ஆற்றலும் திருத்தும் அறிவும்

குரலைப் பெருக்கும் வல்லமை பெற்றவன் அக்குரலின் உண்மைக்கும் பொறுப்புடையவன் ஆவானா? மேடையில் பேசுவோரும் ஏட்டில் எழுதுவோரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. தன் கையால் ஓர் ஒலிபெருக்கிக் கருவியைச் செய்ய முனையும் எளிய மனிதனும் இதே வினாவைச் சந்திக்கின்றான்.

ஜார்ஜ் டவுனுக்குப் படகுகள் புறப்படும் பட்டர்வொர்த் துறையை அடுத்துள்ளது பாகான் டாலாம். தமிழர் பலர் வாழும் அவ்வூரில், பணி முடிந்து வீடு திரும்பிய இளைஞன் ஒருவன் இரவு விளக்கொளியில் அத்தகைய கருவியை உருவாக்குவதாகக் கொள்ளலாம். கடையில் ஆயத்தக் கருவி கிடைக்கையில் இவ்வுழைப்பு ஏன்? வாங்கிய கருவி ஒலியைத் தரும். செய்த கருவியோ ஒலி எவ்வாறு பிழைபடுகின்றது என்பதையும் கற்பிக்கும்.

மின்சாரத்தை முதன்முறை செலுத்தியதும் பாட்டுக்கு முன்னே இரைச்சல் எழுகின்றது. கருவிக்கு நல்லது தீயது தெரியாது. உள்ளே புகுந்த சிறு மாசையும் அது பாடலோடு சேர்த்தே பெருக்கும். தன் குறையால் விளையும் திரிபையும் அதனோடு கலக்கும்.

இத்திரிபு பெரும் பொறியாளரையும் வருத்தியதுண்டு. நெடுந்தொலைவு செல்லும் தொலைபேசிப் பேச்சு, வழியிலுள்ள ஒவ்வொரு பெருக்கியிலும் சிறிது சிறிதாகச் சிதைந்தது. 1927 ஆகஸ்டு 2ஆம் நாள், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் சென்ற அமெரிக்கரான ஹெரால்டு பிளாக் அதற்கொரு தீர்வு கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலேயே வரைந்தார். வெளிவரும் ஒலியலையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மீண்டும் உள்ளே செலுத்தினால், பிழையின் பெரும்பகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதுவே எதிர்ப் பின்னூட்டம். 10,000 மடங்கு பெருக்கவல்ல கருவி இம்முறையில் 20 மடங்கோடு அடங்கினால், அதன் திரிபு ஏறத்தாழ 500இல் ஒரு பங்காகக் குறையும். வலிமையை இழந்து வாய்மையைப் பெறும் இம்முறையைப் பலர் ஐயுற்றனர். காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது.

இடித்துரைப்பார் இல்லாத மன்னன், பகைவர் இல்லாவிடினும் அழிவான் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. தன் சொல் உலகில் என்ன ஆயிற்று என்று திரும்பக் கேளாதவனின் நிலையும் அதுவே. இங்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. திரும்பி வரும் அலை காலந்தாழ்ந்து வந்தால், அது பிழையை எதிர்ப்பதற்கு மாறாகப் பிழையோடு சேர்ந்துகொள்ளும், கருவி ஊளையிடும். உரிய நேரத்தில் உரைக்கப்படாத கண்டனம் சில வேளைகளில் குற்றத்திற்கே துணைபோகின்றது அல்லவா?

பின்னர் இளைஞன் கருவிக்குப் பெட்டி செய்கின்றான். முகப்புக்கு இழைத்த மரம். உடலுக்கு அலுமினியத் தகடு. மின்மாற்றியின் இரைச்சல் பாட்டில் கலவாதிருக்க, அதனை உள்ளீட்டுக் கம்பியிலிருந்து எட்ட வைக்கின்றான். வெப்பம் வெளியேறத் துளைகள் இடுகின்றான். இறுதியாக, எர்த் கம்பியை உலோகப் பெட்டியோடு இறுகப் பிணைக்கின்றான். என்றோ ஒருநாள் 230 வோல்ட் கம்பி கழன்று பெட்டியைத் தொட்டால், மின்சாரம் அவ்வழியே பாய்ந்து பியூஸ் எரியும். பெட்டியைத் தொடும் குழந்தை உயிர் பிழைக்கும். முகப்பின் மெருகைப் பாராட்டுவோர் ஒருவரும் அந்தக் கம்பியைக் காணப்போவதில்லை. எனினும், அதனை விட்டுவிட அவனுக்கு உரிமை இல்லை.

ஆகவே, பெருக்குபவனின் பொறுப்பு இருமடங்கானது: குரலைத் திரிக்காமல் காப்பது ஒன்று, கேட்பவருக்குத் தீங்கு நேராமல் காப்பது மற்றொன்று. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியனும் ஒரு பெருக்கியே. அவன் வாயிலிருந்து புறப்படும் ஒரு சொல் நாற்பது உள்ளங்களில் ஒலிக்கின்றது. மாணவன் எழுப்பும் ஐயத்தை இடையூறாகக் கருதாமல், தன் சொல்லைத் திருத்த வந்த பின்னூட்டமாக ஏற்பவனே நல்லாசிரியன்.

பெட்டியை மூடிய இளைஞன் உடனே பாட்டைத் தொடங்குவதில்லை. பாட்டில்லாத அமைதியில் கருவி என்ன முணுமுணுக்கின்றது என்று முதலில் செவிசாய்க்கின்றான்.