பொய் அலாரத்தின் கூலி

எங்கள் கெங்கவல்லிப் பக்கம் பச்சைமலை எப்போதும் கண்ணெதிரில்தான் இருக்கிறது. சமவெளிக்காரர்களுக்கு மலை என்றால் அசையாத ஒன்று. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏற ஏற, மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் உராய்வு குறைகிறது. ஒரு கட்டத்தில் சரிவு இறங்கிவிடும்.

மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் இந்த அழுத்தத்தை அளக்கும் உணரிகளை மண்ணுக்குள் ஆழமாகப் பதித்திருக்கிறது. மழையளவு, ஈரம், நீரழுத்தம், மண்ணின் நகர்வு எல்லாம் கம்பியில்லாமல் வந்து சேரும். 2009 ஜூலை கனமழையின்போது அங்கே எச்சரிக்கையும் விடப்பட்டது.

மென்பொருள் எழுதுகிற எனக்கு இதில் கஷ்டமாகத் தெரிவது கருவி இல்லை, ஓர் எண். அழுத்தம் எவ்வளவு ஏறினால் அலாரம் அடிக்க வேண்டும்? எண்ணைக் குறைத்து வைத்தால் அடிக்கடி அடிக்கும், பல தடவை ஒண்ணும் நடக்காது. கூட்டி வைத்தால், அடிக்க வேண்டிய ராத்திரியில் அடிக்காமல் போகலாம். எவ்வளவு டேட்டா சேர்ந்தாலும் இரண்டு தவறுகளையும் சேர்த்து ஒழிக்க முடியாது. எந்தத் தவறு பரவாயில்லை என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும்.

“உயிர்தானே முக்கியம், குறைச்சே வைங்க” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கப்போவது நாமில்லையே. ஒவ்வொரு பொய் அலாரத்துக்கும் அங்கே ஒரு நாள் கூலி போகிறது. மாட்டை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு முகாமில் படுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது தடவை “சும்மா சொல்றாங்க” என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவரை அறியாமை என்கிறோம். அவர் போடுவது கணக்கு.

2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாறு மலைகளில், பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள்மேல் மண் சரிந்தது. 70 உயிர்கள் போயின, பெரும்பாலும் தமிழர்கள். செல்போன் சிக்னல் இல்லாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. அந்தோணியார் காலனியின் உணரிகள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு சரிவை.

எந்தச் சரிவில் கருவி வைப்பது என்பதும், எந்த எண்ணில் அலாரம் அடிப்பது என்பதும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: இழப்பை யார் சுமப்பது? அலாரம் பொய்யாகிப்போன நாளின் கூலியை அரசோ தோட்ட நிர்வாகமோ கொடுக்கட்டும். அதற்குப் பிறகு எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். அதுவரை, இறங்க மறுக்கிறவரிடம் கோபப்பட நமக்கு என்ன உரிமை?